உப்புக் காற்றும் எங்கள் திருப்புளியும்

(பன்னிரண்டாம் வகுப்பு, கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவியர் நால்வர்)

தரங்கம்பாடிக்கு வரும் விருந்தாளிகள் முதலில் புகழ்வது காற்றைத்தான். டேனிஷ் கோட்டையின் மதிலருகே நின்றுகொண்டு, "ஆகா, என்ன காற்று! நீங்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள்" என்பார்கள். நாங்களும் ஆமாம் என்று தலையாட்டுவோம். அதே காற்றுதான் எங்கள் சைக்கிள் ரிம்மைத் தின்கிறது, சன்னல் கம்பியைத் தின்கிறது, கதவுத் தாழ்ப்பாளைத் தின்கிறது என்பதை விருந்தாளியிடம் யார் சொல்வார்கள்? அந்தக் காற்று வீட்டுக்குள் புகுந்து கணிப்பொறியையும் டி.வி. கேமையும் என்ன செய்கிறது, அது செய்த கெடுதலை வீட்டிலேயே எந்த அளவுக்குச் சரிசெய்யலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாங்கள் நிபுணர்கள் அல்லர். சென்ற கோடை விடுமுறை முழுவதும் திருப்புளியும் கையுமாக நான்கு வீடுகளில் அலைந்தவர்கள், அவ்வளவே. சரிசெய்ததும் உண்டு, கெடுத்ததும் உண்டு. "இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள்" என்று எங்கள் கணிப்பொறி மிஸ் சொல்லிவிட்டதால், கெடுத்த கதையும் இதில் வருகிறது.

தொடக்கம் இப்படித்தான். எங்கள் நால்வரில் ஒருத்தியின் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். அவளுடைய அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணிப்பொறி ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது. அக்கா அதை வைத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் கல்லூரி விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து அனுப்பிக் கொடுப்பாள். ஆளுக்குக் கொஞ்சம் காசு கிடைக்கும். மே மாதம் அவளுக்கு அறுவடைக் காலம். அப்பாவுக்கோ அது வெறுங்கைக் காலம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும். அந்த 61 நாளில் வீட்டுக்கு வருகிற நிச்சயமான காசு அக்காவின் காசுதான். சரியாக அந்த மே மாதத்தில் மடிக்கணிப்பொறி செத்துப் போயிற்று.

பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தார்கள். "மதர்போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும்" என்று பதில் வந்தது. அக்கா பேசாமல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். "பழைய இரும்புக்குப் போட்டால் என்ன தருவான்?" என்று அம்மா கேட்டதைக் கேட்டபோதுதான், நாமே திறந்து பார்த்தால் என்ன என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது.

இந்த இயந்திரங்கள் நம் வீடுகளுக்கு வந்த வழியை இங்கே ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது 2006 செப்டம்பர் 15. விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15. இரண்டும் அண்ணா பிறந்த நாள். தொலைக்காட்சியின் திரை 14 அங்குலம். அந்தப் பெட்டியோடு இணைப்பதற்கென்றே திருவிழாக் கடைகளிலும் பர்மா பஜார் மாதிரியான இடங்களிலும் டி.வி. கேம் வாங்கிய அண்ணன்மார் ஊருக்குப் பலர். மடிக்கணிப்பொறியோ அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்தவர்களுக்கும், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் கிடைத்தது. பல வீடுகளில் அதுவே முதல் கணிப்பொறி. கொடுத்தவர்கள் இயந்திரத்தைக் கொடுத்தார்கள். கடற்கரையில் அதை எப்படி வைத்துப் பிழைப்பது என்பதை நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் இயந்திரம் வந்து இறங்குவதும் அது ஒத்துவராமல் தவிப்பதும் புதிதல்ல. 1706 ஜூலை 9ஆம் நாள் இங்கே கரையிறங்கிய சீகன்பால்கு ஐயரின் பணிக்காக இலண்டனிலிருந்து அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. வந்த எழுத்துகள் மிகப் பெரியவை. காகிதத்தை அள்ளித் தின்றன. திருப்பி அனுப்பி மாற்றலாம் என்றால் கப்பல் போய்வர எத்தனை மாதம்! ஆகவே ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். காகிதம் போதவில்லை என்று பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது தரங்கம்பாடிக்கு முந்நூறு ஆண்டுப் பழக்கம் என்று எங்களுக்கு நாங்களே தைரியம் சொல்லிக்கொண்டோம்.

இனி உப்பின் வேலையைப் பார்ப்போம். அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்துக் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகள் காற்றில் ஏறுகின்றன. நீர் ஆவியாகி, உப்புத் துகள் மட்டும் காற்றோடு வீட்டுக்குள் வருகிறது. வந்து சும்மா கிடந்தால் கவலையில்லை. மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி நீர்கோத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரையே இழுத்து அதில் கரைந்துவிடும். கணிப்பொறிக்குள் படிந்த துகளும் அதையே செய்கிறது. உப்பு நீரில் மின்சாரம் பாயும். மின்னழுத்தம் உள்ள இரண்டு உலோகங்களுக்கு நடுவே அந்த நீர்ப்படலம் நின்றால் உலோகம் அரிக்கப்படுகிறது. செம்பில் பச்சைக் களிம்பு ஏறும், இரும்பு துருப்பிடிக்கும். இணைப்பு முனைகளில் தங்க முலாம் பூசியிருப்பது இதற்காகத்தான், தங்கம் அரிபடாது. ஆனால் அந்த முலாம் மிக மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியாக அடியிலிருக்கும் செம்புக்குக் களிம்பு ஏறி மேலே கசியும்.

கணிப்பொறிக்குள் ஒரு மின்விசிறி வேறு ஓயாமல் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. அதாவது அது நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. நம்மைப் போல் தும்மத் தெரியாது. ஆகவே கடலோர வீடுகளில் கணிப்பொறி "கெட்டுவிட்டது" என்றால், உள்ளே ஏதோ எரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஓரிடத்தில் ஒன்றையொன்று தொட வேண்டிய இரண்டு உலோகங்கள் தொடாமல் இருக்கும். தொடாத இடம் எது என்று கண்டுபிடிப்பதே பாதி வைத்தியம்.

அக்காவின் மடிக்கணிப்பொறிக்கு வருவோம். பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு மல்டிமீட்டரை மிஸ்ஸின் அனுமதியுடன் கடன் வாங்கிப் போனோம். முதலில் அடாப்டர். அதன் முனையில் 19 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. அதன் முதுகிலேயே 19 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. ஆகவே அடாப்டர் நிரபராதி. அடுத்து, அடாப்டரைப் பிடுங்கி, பாட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தோம். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்துவிட்டால் சில இயந்திரங்கள் இதிலேயே உயிர்த்துவிடும். பிறகு பாட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் இணைத்துப் பார்த்தோம். அசைவில்லை. இனித் திறந்தே ஆக வேண்டும்.

அதுவரை திண்ணையில் வலை கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "பொம்பளப் புள்ளைங்க கரண்டு சாமானைப் போட்டு நோண்டாதீங்கம்மா" என்றார். "கரண்டே இல்லை மாமா, பிடுங்கிட்டோம்" என்று வயரைத் தூக்கிக் காட்டினோம். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் வலையும் அதற்குப் பிறகு அதிகம் நகரவில்லை.

திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில. கழற்றும் திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மதர்போர்டைத் துளைத்துவிடும். நாங்கள் கழற்றிய வரிசையில் இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்தோம், ஒன்றுகூடத் தொலையவில்லை. உடம்பில் ஏறும் நிலைமின்சாரமும் ஒரு எதிரி. நமக்கு உறைக்கும் அளவு வருவதற்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில்லுகள் அதில் பத்தில் ஒரு பங்கிலேயே பழுதாகக்கூடும். ஆகவே நைலான் துணி உடுத்திக்கொண்டு இந்த வேலை ஆகாது. அவ்வப்போது சன்னல் கம்பி போன்ற ஓர் உலோகத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும். ஈரக் காற்று உள்ள ஊரில் நிலைமின்சாரம் குறைவு. நம் காற்று நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் இதுவாகத்தான் இருக்கும்.

பாட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ நெம்பவோ கூடாது, தீப்பற்றும். எங்களுக்குக் கிடைத்தது உப்பவில்லை.

மூடியைத் தூக்கியதும் உள்ளே கடற்கரையே இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. விசிறியில் மணலும் முடியும் பஞ்சும். ரேம் அட்டையின் முனைகளில் வெண்மையாக ஏதோ பூத்திருந்தது. அப்பா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "இதுதான் சங்கதியா? எஞ்சின் பாட்டரி டெர்மினல்ல இப்படித்தான் பூக்கும். உப்புத்தாள் போட்டு ஒரு தேய் தேச்சா சரியாப் போயிடும்" என்று உள்ளே போய் உப்புத்தாளே எடுத்து வந்துவிட்டார். அவரைத் தடுப்பதற்குள் போதும் போதும் என்றாயிற்று. படகின் டெர்மினல் கனத்த ஈயம். அதற்கு உப்புத்தாள் சரி. இங்கே இருப்பது மெல்லிய தங்க முலாம். உப்புத்தாள் பட்டால் ஒரே தேய்ப்பில் போய்விடும். பென்சில் ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, தூளைச் சுத்தமான தூரிகையால் தட்டிவிடுவதே முறை.

இன்னொன்றையும் அன்று கற்றுக்கொண்டோம். கடைக்காரர்கள் துடைக்கப் பயன்படுத்தும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் எண்ணெய்ப் பசையை நீக்கும். உப்பு அதில் நன்றாகக் கரையாது. உப்பு கரைவது நீரில்தான். ஆகவே இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து முதலில் துடைத்தோம். அதன் பிறகு ஆல்கஹால். அது மீதி நீரையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலேயே உப்பு இருக்கிறதே!

ரேமைச் சுத்தம் செய்து பொருத்தினோம். மடிக்கணிப்பொறியில் அதைச் சாய்வாக நுழைத்து, பிறகு கீழே அழுத்த வேண்டும். இரு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடித்தால் சரி. பொருத்தினோம், பொத்தானை அழுத்தினோம், ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் முகம் வாடிவிட்டது. "விடுங்கம்மா, கடைக்காரன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

அப்போது அப்பாதான் கேட்டார்: "பாட்டரியிலேர்ந்து எஞ்சினுக்கு வர்ற வயரைப் பாத்தீங்களா?" நாங்கள் பார்க்கவில்லை. அடாப்டரின் முள் போய்ச் செருகும் சிறு துளை இருக்கிறதல்லவா, அந்த ஜாக்கிலிருந்து ஒரு குட்டை வயர் மதர்போர்டுக்குப் போகிறது. பல மடிக்கணிப்பொறிகளில் அந்த ஜாக்கும் வயரும் தனிச் சாமான். அடாப்டரை முற்றிலும் கழற்றி வைத்துவிட்டு, மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் திருப்பி, ஒரு முனையை ஜாக்கின் நடு முள்ளிலும் மற்றதை வயரின் மறுமுனையிலும் வைத்தோம். இணைப்பு இருந்தால் 'பீப்' என்று கத்த வேண்டும். கத்தவில்லை. வயரை இழுத்துப் பார்த்தால் ஜாக்கின் அடியில் பச்சைக் களிம்பு மண்டி, வயர் உளுத்து அறுந்திருந்தது. 19 வோல்ட்டும் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது!

மறுநாள் அந்தப் பழைய ஜாக்கையே மாதிரிக்கு எடுத்துக்கொண்டு அக்கா மயிலாடுதுறைக்கு பஸ் ஏறினாள். அதே போன்றது 250 ரூபாய்க்குக் கிடைத்தது. பற்றவைக்க வேண்டிய வேலையும் இல்லை. செருகி இரண்டு திருகாணி முறுக்கினால் முடிந்தது. மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பொத்தானை அழுத்தியபோது டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவர் அப்பாதான். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை வெளுத்தது. அக்கா அழுதாள் என்று எழுதினால் அவள் கோபித்துக்கொள்வாள். ஆகவே எழுதவில்லை.

ஒரு சிறு வால் மிச்சமிருந்தது. திரையில் எஃப்1 அழுத்தும்படி ஓர் எச்சரிக்கை. தேதி பல வருடம் பின்னே போயிருந்தது. மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு பாட்டரி உண்டு, சி.ஆர்.2032 என்பது அதன் வழக்கமான எண், 3 வோல்ட். கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால் தேதி பின்னே போய்விடும். தேதி தப்பாக இருந்தால் விண்ணப்பம் அனுப்பும் வலைத்தளங்கள் கணிப்பொறியை நம்ப மறுத்து வாசலிலேயே நிறுத்திவிடும். அச்சடித்த பக்கம் மேலே இருக்கும்படி புதிய பாட்டரியை மாற்றியதும் அதுவும் தீர்ந்தது. பெரிய பாட்டரி மட்டும் உயிர்பெறவே இல்லை. கரண்ட் போனால் கணிப்பொறியும் போகும். அக்கா ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை சேமித்துக்கொண்டு வேலை செய்கிறாள்.

இந்த வெற்றியில் தலை கனத்து இரண்டாவது வீட்டுக்குப் போனோம். அங்கே இருந்தது உதிரிப் பாகங்களை வாங்கிச் சேர்த்த மேசைக் கணிப்பொறி. பொத்தானை அழுத்தினால் நீண்ட 'பீப்', மறுபடி நீண்ட 'பீப்', திரையில் இருள். இந்தச் சத்தம் வீணானதல்ல. படம் காட்ட முடியாத நிலையில் கணிப்பொறி தன் நோயைச் சொல்லும் மொழி அது. எத்தனை முறை, எவ்வளவு நீளம் என்பது மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும்; ஆனால் நீண்ட சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரேம். ரப்பர் வைத்தியத்தில் அது ஐந்து நிமிடத்தில் சரியாயிற்று. சரியாகியும் சும்மா இருந்தோமா? வேகம் கூட்டலாம் என்று இன்னொரு ரேம் வாங்கி வரச் சொன்னோம். வாங்கி வந்தது டி.டி.ஆர்.4, அந்த வீட்டுக் கணிப்பொறி கேட்பது டி.டி.ஆர்.3. முன்னதற்கு 288 முனைகள், பின்னதற்கு 240. நடுவிலுள்ள பள்ளமும் வேறு இடத்தில் இருக்கும். தவறானது நுழையக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நுழையாததை அழுத்தி நுழைக்கப் பார்ப்பது உலகத்திலுள்ள எல்லாருக்கும் முதலில் தோன்றும் புத்தி, எங்களுக்கும் தோன்றியது. நல்லவேளையாகப் பள்ளம் காப்பாற்றியது. பழைய அட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே அறிவுடைமை. சரியான அட்டை வந்ததும் நேர்க்குத்தாக வைத்து இரு முனைகளிலும் கட்டைவிரலால் அழுத்தினோம். கொக்கிகள் தாமாக மேலெழுந்து பிடித்துக்கொண்டன.

இனி எங்கள் பாவ அறிக்கை.

மூன்றாவது வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன். அவனிடம் அண்ணன் காலத்து டி.வி. கேம் ஒன்று, அரசு கொடுத்த அதே 14 அங்குலத் தொலைக்காட்சியோடு. இந்த விளையாட்டுப் பெட்டிகளின் மூதாதை ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்கு விட்டது. அதன் பெயரே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. அதைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் நம் ஊர்த் திருவிழாக்களில் விற்றவை. அசல் பெட்டியின் வேலை நினைவகம் 2 கிலோபைட். இலவச மடிக்கணிப்பொறியில் 2 கிகாபைட் என்றால், அது பத்து இலட்சம் மடங்குக்கும் மேல். அந்தத் துளி நினைவகத்தில் மீசைக்கார மாரியோ ஓடி, தாவி, காளானும் தின்கிறார். கேசட்டின் மேல் '9999999 விளையாட்டுகள்' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் சில விளையாட்டுகளே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும்.

தம்பியின் குறை: கேசட் போட்டால் திரையில் கட்டம் கட்டமாகக் கோலம் தெரிகிறது. அவன் வைத்தியம்: கேசட்டின் வாயில் ஊதுவது. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, டி.வி. கேம் ஆடிய எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஊதியிருக்கிறார்கள். ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்தது. வாயிலிருந்து போவது ஈரக் காற்று. அது முனைகளில் களிம்பை வளர்க்கும். அப்படியானால் ஊதியதும் சரியாவது எப்படி? ஊதுவதற்காகக் கேசட்டைப் பிடுங்கி மறுபடி செருகுகிறோமே, அந்த உரசலில்தான். ரப்பர், டிஸ்டில்டு வாட்டர், ஆல்கஹால் என்ற எங்கள் மும்முறை வைத்தியத்தில் மாரியோ பளிச்சென்று வந்தார்.

அத்தோடு கிளம்பியிருக்க வேண்டும். "அடாப்டர் வயரும் நைந்திருக்கிறதே, மாற்றிவிடுவோம்" என்று ஒருத்தி சொன்னாள். வீட்டில் கிடந்த வேறொரு அடாப்டரின் முள் அதே துளையில் கச்சிதமாக நுழைந்தது. கச்சிதமாக நுழைந்ததே வினையாயிற்று. அடாப்டரில் வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. முள்ளின் உட்பக்கம் நேர்முனையா எதிர்முனையா என்றும் பார்க்க வேண்டும். ஒரு சிறு வட்டமும் புள்ளியும் கூட்டல் கழித்தல் குறிகளுமாக அதன் முதுகில் படம் போட்டிருக்கும். பெரும்பாலான அடாப்டர்களில் உட்பக்கம் நேர்முனை. நின்டெண்டோவின் மூலப் பெட்டியில் உட்பக்கம் எதிர்முனை. தம்பியின் பெட்டியும் அந்த வழி வந்தது. நாங்கள் செருகியது தலைகீழ். பெட்டிக்குள் வரும் மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 என்ற மூன்று கால் பாகம் ஒன்று உண்டு. முதலில் அது சூடேறிற்று. பிறகு ஒரு நாற்றம். பொறையாற்றில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அந்த 7805ஐ மாற்றிக் கொடுத்தும் பெட்டி எழவில்லை. நகல் பெட்டிகளில் சில்லுக்குப் பதிலாகக் கருப்புப் பசைப் பொட்டு ஒன்று அட்டையோடு ஒட்டியிருக்கும். அது போனால் மாற்ற வழியே இல்லை. தம்பி அழவில்லை. கேசட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். அழுதிருந்தால் தேவலை என்று தோன்றியது.

நான்காவது வீட்டில் எதையும் செருகவில்லை; கேட்ட கேள்விகளுக்குப் பதில் மட்டும் சொன்னோம். படம் வருகிறது, நிறம் வரவில்லை என்றால்? வெளிநாட்டில் வாங்கிய பழைய பெட்டியாக இருந்து, அது 'என்.டி.எஸ்.சி.' முறையில் படம் அனுப்பினால், 'பால்' முறை மட்டும் அறிந்த நம் பழைய தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையாகக் காட்டும், பெட்டியில் பழுதில்லை. படம் உண்டு, ஒலி இல்லை என்றால்? மஞ்சள் முள் படத்திற்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு, மாறிச் செருகியிருக்கும்.

சிங்கப்பூர் மாமாக்கள் கொண்டுவரும் பிளேஸ்டேஷன் போன்ற புதிய பெட்டிகளுக்கு வேறு விதமான கவனம் வேண்டும். அவை அதிகச் சூடு உண்டாக்குவதால் அதிகக் காற்றை இழுக்கும். நம் ஊரில் அதிகக் காற்று என்றால் அதிக உப்பு. கடல் பார்த்த சன்னலுக்கு எதிரே வைக்காமல், உள்ளறையில், நாலு பக்கமும் இடம் விட்டு வைப்பது நல்லது. தூசு படாமல் இருக்க மேலே துணி போர்த்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஓடும்போது போர்த்தினால் அது மூச்சு முட்டி அணைந்துவிடும். பிளேஸ்டேஷன் 4 திரையில் ஒன்றும் காட்டாமல் நின்றால், அணைத்துவிட்டுப் பவர் பொத்தானை இரண்டாவது 'பீப்' கேட்கும் வரை சுமார் 7 விநாடி அழுத்திப் பிடிக்க, 'சேஃப் மோடு' என்ற பட்டியல் வரும். கைப்பிடியை வயரால் இணைத்தால்தான் அங்கே வேலை செய்யும். 1, 2, 5 ஆகிய எண்கள் சாதுவானவை: மீண்டும் தொடங்குதல், படத்தின் அளவை மாற்றுதல், பட்டியலைப் புதிதாக அடுக்குதல். 6, 7 இரண்டும் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும். அண்ணன் மூன்று மாதம் ஆடிச் சேர்த்ததை ஒரு விரலால் அழித்த தங்கை யார் என்று இங்கே எழுதமாட்டோம்.

பெற்றோர் இதைப் படித்துவிட்டு, "பெட்டியைச் சரிசெய்து கொடுத்து இன்னும் கெடுக்கிறீர்களா?" என்று கேட்கலாம். 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ் கணிப்பொறியில் கெட்டிக்காரர். வீடியோ கேமும் ஆடியவர். வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று தாமே கணக்கு வைத்துக்கொண்டாராம். அந்த ஒரு மணி நேரமும் பெட்டி ஓடினால்தானே!

இனி, திறக்கவே கூடாதவை. படக்குழாய் உள்ள பழைய தொலைக்காட்சிக்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும்; அணைத்த பிறகும் தங்கியிருக்கும். மேசைக் கணிப்பொறியின் பவர் சப்ளைப் பெட்டிக்குள் 325 வோல்ட் அளவுக்குத் தேங்கி நிற்கும். இவ்விரண்டும் பல்லி செத்துக் கிடந்தாலும் நம் கைக்குரியவை அல்ல. கணிப்பொறிப் பெட்டியைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று ஏறினால், அது இயந்திரப் பழுதாக இருக்க வேண்டியதில்லை; பெரும்பாலும் வீட்டில் 'எர்த்' சரியில்லை. மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகுவது நம் தெருவில் சர்வ சாதாரணம். கொல்லையில் எர்த் குழி இருந்தாலும் நம்முடையது மணல் பூமி, சித்திரையில் காய்ந்துவிடும். வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்ற வேண்டும். எர்த் குழிக்குள் கரியோடு சேர்த்துக் கொட்டுவது என்ன தெரியுமா? உப்பு! மேலே இயந்திரத்தைத் தின்பது அது, கீழே உயிரைக் காப்பதும் அது. மின்பணியாளரை அழைத்து இதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள் என்பதே பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள்.

நனைந்த செல்போனை அரிசிப் பானையில் புதைப்பது பற்றியும் பலர் கேட்டார்கள். நெல் விளையும் தஞ்சைத் தரணியில் இதை மறுத்துப் பேசப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அரிசி ஈரத்தை இழுப்பதை விட மின்விசிறிக் காற்றே நன்றாக உலர்த்தும். அரிசி மாவு துளைகளில் புகுந்து அடைப்பதுதான் மிச்சம். கடல் நீரில் விழுந்தது என்றால் உடனே அணைத்துவிட்டு, சார்ஜில் போடாமல் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். உலரும் வரை காத்திருந்தால் நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும்.

பள்ளி திறந்த முதல் வாரம் அக்கா எங்களுக்கு ஐஸ் வாங்கித் தந்தாள். அந்த மேயில் 40க்கு மேல் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். தடைக்காலம் முடிந்து அப்பா கடலுக்குப் போய்விட்டார். படகில் ஒயர்லெஸ் பெட்டி கரகரத்தால் டெர்மினலைத் தேய்ப்பதற்கு இப்போது ஒரு பென்சில் ரப்பரும் கொண்டு போகிறாராம்.

தம்பிக்கு மட்டும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். நால்வரும் பஸ் காசில் மிச்சம் பிடித்து ஓர் உண்டியலில் போட்டு வருகிறோம். வேளாங்கண்ணித் திருவிழாக் கடையில் பழைய பெட்டி ஒன்று பார்த்தோம், விலை கட்டவில்லை. தெருவில் பார்க்கும்போதெல்லாம் அவன், "அக்கா, எவ்ளோ சேந்திருக்கு?" என்கிறான். இதை எழுதும் நாளில் 340 ரூபாய் சேர்ந்திருக்கிறது.